நாக்கு காட்டும் ஊர்

செவ்வூரில் தெரிந்தவர் எதிரே வந்தால் நாக்கை நீட்டிக் காட்டவேண்டும். அதுதான் மரியாதை. நுனி மட்டும் எட்டிப் பார்த்தால் போதாது. நன்றாக வெளியே நீட்டி, எதிரில் நிற்பவர் பார்த்துத் தலையசைத்த பிறகே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று நாக்கை நீட்டும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண் முதலில் நாக்கைக் காட்டுவாள், பிறகுதான் முகத்தை நிமிர்த்துவாள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் போனான் என்றால், இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று தெருவே பேசிக்கொள்ளும்.

செவ்வாயின் பாறைக்கு அடியில் குடையப்பட்ட ஊர் அது. தாமிரபரணிக் கரையிலிருந்து போனவர்களின் வம்சம். போனவர்கள் முதலில் பயந்தது காற்றுக்கு அல்ல, தண்ணீருக்குத்தான். நிலத்தடிப் பனியை உருக்கினால் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அந்தச் செம்மண்ணில் ஒருவகை உப்பு இருந்தது. நிறமில்லை, மணமில்லை. உடம்புக்குள் போய்த் தைராய்டு சுரப்பியின் கழுத்தை நெரிக்கும். பெரியவர்களைச் சோர்வாக்கும், வயிற்றுப் பிள்ளையின் மூளையை வளரவிடாது. அதனால் ஊர் மொத்தத்துக்கும் ஒரே நீர்நிலையம் கட்டி, அதற்கு ஒரு செயற்கை மூளையும் வைத்து, ஊருணி என்று பெயரிட்டார்கள். உப்பைப் பிடித்துவைக்கும் வடிபடுகை அதன் வயிற்றில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு வயது நிறைந்ததும், அந்தக் காலத்தில் காது குத்தியதுபோல, நாக்கு நுனியில் கடுகளவு விளக்கு ஒன்றைப் பதித்தார்கள். அதுதான் நாவிளக்கு. கடைசியாகக் குடித்த தண்ணீர் நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு.

தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் நன்றாகவே இருந்துவிட்டது. எப்போதாவது ஒரு நாக்கு சிவந்தால், அந்த வீட்டுக் குடம் கழுவாமல் கிடந்தது என்றுதான் தெரியவந்தது. ஆகவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. சிவந்த நாக்கு என்றால் அழுக்கு வீடு. ‘செந்நாக்குக் குடும்பம்’ என்பதைவிடப் பெரிய வசவு செவ்வூரில் இல்லை. எத்தனையோ கல்யாணங்கள் அதனால் நின்றிருக்கின்றன. விளக்கு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது என்பது மறந்து, ஆளைப் பற்றிப் பேசுகிறது என்று ஆகிவிட்டது. மனிதர்கள் எந்தக் கோளுக்குப் போனாலும் இந்தச் சாமர்த்தியத்தை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆவுடையம்மாள் அந்த ஊரின் நீர்நலக் கண்காணிப்பாளர். பெயர்தான் பெரிது, வேலை ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஊருணியே பார்த்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர்த் திருநாளில் மேடையேறி ஒரு குவளை குடித்து, பெரிய திரையில் தன் பச்சை நாக்கை ஊருக்குக் காட்டுவது அவளுடைய முக்கியமான கடமை. அதை அவள் மிடுக்காகச் செய்வாள். பட்டுச் சேலையும் பச்சை நாக்குமாக அவள் நிற்கும் படம் ஊரில் பல வீட்டுச் சுவர்களில் தொங்கியது.

அவளுடைய ஒரே மகள் வடிவுக்கு வளைகாப்பு நடக்கவிருந்த காலையில்தான் அது நடந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்த ஆவுடையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். நாக்கு நுனியில் மிளகாய்ப்பழம் போலச் சிவப்பு. வாயைக் கொப்பளித்து, இன்னொரு தம்ளர் குடித்துப் பார்த்தாள். சிவப்புதான். மகளை எழுப்பி நாக்கைக் காட்டச் சொன்னாள். வடிவு தூக்கக் கலக்கத்தில் ஒரு வாய் குடித்துவிட்டுக் காட்டினாள். அதுவும் சிவப்பு.

தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நீர்நலக் கண்காணிப்பாளருக்கே தோன்றவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? குடத்தை யார் கழுவியது என்றுதான் முதலில் கேட்டாள். வடிவு கழுவினேன் என்றாள். கழுவின லட்சணம் இதுதானா என்று தாய் கத்த, மகள் அழ, குடம் மூன்று தடவை தேய்க்கப்பட்டது. சிவப்பு போகவில்லை. பிறகு ஆவுடையம்மாள் தண்ணீரைக் காய்ச்சினாள். சந்தேகம் வந்தால் காய்ச்சு என்பது பூமியிலிருந்து வந்த பழக்கம்; ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, ஆற்றி, வடிகட்டி, இருவரும் குடித்தார்கள். விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

வெளியே சம்பந்தி வீட்டார் வந்துவிட்ட சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாள் சண்முகத்தாய் சுத்தத்துக்குப் பேர்போனவள். கல்யாணத்துக்கு முன்பு வடிவின் நாக்கை ஒரு வாரம் தொடர்ந்து வந்து பார்த்த பிறகுதான் சம்மதித்தவள். அவளுக்குப் பின்னால் ஊரே திரண்டு நின்றது. நிலைப்படிக்கு மேலே வாசற்கண் வழக்கம்போல மினுங்கியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்று உண்டு. வந்துபோகிறவர்களின் நாக்கை அது பார்க்கும். ஏன் பார்க்கிறது என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆவுடையம்மாளும் பயிற்சிக் காலத்தில் எங்கோ படித்து மறந்திருந்தாள்.

ஓடி ஒளிய இடமில்லை. அந்த நொடியில் அவளுக்கு ஒரு பழைய படம் நினைவுக்கு வந்தது. பூமியில் யாரோ ஒருவர் நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, வாயை மூடியபடியே சிரித்துக்கொண்டு நிற்கிற படம். அவள் கைகளைச் சேர்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைச் சற்றே தாழ்த்தினாள். பின்னால் நின்ற மகளையும் முழங்கையால் இடித்தாள். வடிவும் அப்படியே செய்தாள்.

சண்முகத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாக்கை நீட்டவில்லை. “என்ன மதினி, இது என்ன புதுசா இருக்கு?” என்று உதட்டை அதிகம் பிரிக்காமல் கேட்டாள்.

“புதுசு இல்ல மதினி, ரொம்பப் பழசு. பூமியில பெரியவுகளைப் பாத்தா இப்படித்தான் கும்பிடுவாகளாம். வாய் திறக்கக் கூடாதாம். நாக்க நீட்டுதது கொஞ்சம் சின்னப்பிள்ளத்தனமா இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.”

சண்முகத்தாய் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கையிலிருந்த வளையல் தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, கைகளைக் கூப்பினாள். அவள் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கூப்பினார்கள். அத்தனை பேர் முகத்திலும் ஒரு தெளிவு. படித்தவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று யாரோ மெச்சியதும் காதில் விழுந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து ஆவுடையம்மாளுக்கே பெருமையாக இருந்தது. வளைகாப்பு ஒரு குறையுமில்லாமல் முடிந்தது.

அந்தக் கும்பிடு தீயாய்ப் பரவியது. ஒரு வாரத்தில் தெருவெல்லாம் கும்பிட்டது. ஆட்சிக்குழு அலுவலகத்தில் அதை முறையான மரியாதை என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ‘நம் மூதாதையர் பண்பாடு’ என்று பாடமே வைத்தார்கள். நாக்கை நீட்டுகிறவர்களைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்கிற அளவுக்குப் போயிற்று. எதையும் சட்டென்று ஏற்காத ஊர் இதை மட்டும் ஏன் இப்படி அள்ளிக்கொண்டது என்று ஆவுடையம்மாள் சில நேரம் யோசித்தாள். தன் பேச்சில் அப்படியொரு வசீகரம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் விளக்கின் சிவப்பு மட்டும் மாறவில்லை. பிரசவத்துக்காக மகள் தாய் வீட்டிலேயே இருந்தாள். ஆவுடையம்மாள் நாள் தவறாமல் தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சித் தன் கையாலேயே ஆற்றிக் கொடுத்தாள். மகள் வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி நிறையக் குடிக்கணும் என்பாள். அவளுக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: மகளின் சிவந்த நாக்கைச் சம்பந்தியம்மாள் பார்த்துவிடக் கூடாது.

ஊரிலும் சின்னச் சின்ன மாற்றங்கள். பெண்கள் கழுத்தில் துணி சுற்றிக்கொள்வது நாகரிகமாயிற்று. கழுத்து லேசாகப் புடைத்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை. வேலைக்குப் போனவர்கள் பகலிலேயே கண் அயர்ந்தார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு அசதி, குளிர், மறதி. காற்றோட்டம் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மழலையர் காப்பகத்தின் ஆண்டுவிழாவுக்கு ஆவுடையம்மாளைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். உள்ளே போனவளுக்குத் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்றிருந்தது. அவ்வளவு அமைதி. தொட்டில் தொட்டிலாகக் கைக்குழந்தைகள். ஒன்றுகூட அழவில்லை. கையைக் காலை உதைக்கவில்லை. விழித்திருந்த பிள்ளைகளும் கூரையைப் பார்த்தபடி கிடந்தன. காப்பாளர் பெண் பெருமையோடு கும்பிட்டாள்.

“இந்த ரெண்டு மாசமாப் பொறந்தது எல்லாம் தங்கமான பிள்ளைங்க அம்மா. பசிச்சாக்கூட அழாது. நாமளா எழுப்பித்தான் பால் குடுக்கணும்.”

ஆவுடையம்மாள் படித்த படிப்பு அத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, அந்த அமைதியில் அது திரும்பி வந்தது. தலைமையுரை ஆற்றாமலே வெளியே வந்தாள். நேரே நீர்நிலையத்துக்குப் போனாள். பதவிக்கு வந்த பிறகு அங்கே அவள் போனது அதுதான் முதல் முறை.

ஊருணி அவளைப் பெயர் சொல்லி வரவேற்றது. அதன் குரல் பழைய கால வானொலி அறிவிப்பாளர் குரல்போல மரியாதையாக இருந்தது. வடிபடுகையை எப்போது கழுவிப் புதுப்பித்தாய் என்று கேட்டாள்.

“புதுப்பிக்கவில்லை. ஊரில் யாருக்கும் சிவப்பு இல்லை.”

உனக்குள் சோதனைக் கருவிகள் இருக்குமே என்றாள். இருந்தன என்றது ஊருணி. கடைசிக் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உதிரிப் பாகம் பூமியிலிருந்து வரவேண்டும். பூமி பதில் போடுவதில்லை. “ஆனால் கவலையில்லை. எனக்கு ஊர் முழுக்க நாக்குகள் இருந்தன. ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் நாக்கைக் காட்டுவார்கள். வாசற்கண்கள் எனக்குச் சொல்லும். அதற்காகத்தான் ஸ்தாபகர்கள் அந்த மரியாதையையே ஏற்படுத்தினார்கள். பத்தில் ஒரு நாக்கு சிவந்தால் குழாய்களை மூடிவிடுவேன். சேமிப்புத் தொட்டியிலிருந்து நல்ல தண்ணீர் அளந்து கொடுத்து, பத்து நாளில் படுகையைக் கழுவிவிடுவேன். சில மாதங்களாக யாரும் காட்டுவதில்லை.”

“காட்டலேன்னா உனக்குச் சந்தேகம் வராதா?” என்று கேட்டாள்.

“காட்டாத நாக்கைப் பச்சை என்று கொள்ளவேண்டும் என்பது எனக்கு விதி. குறை இருந்தால் மனிதர்கள் வாயைத் திறப்பார்கள் என்பது ஸ்தாபகர்களின் நம்பிக்கை.”

இப்போதே குழாயை மூடு, இது கண்காணிப்பாளரின் உத்தரவு என்றாள். மன்னிக்கவேண்டும் என்றது ஊருணி. ஸ்தாபகர்கள் பூமியில் அதிகாரிகளைப் பார்த்துச் சலித்தவர்கள். தண்ணீரைப் பற்றிய தீர்ப்பை எந்த அதிகாரியின் கையிலும் கொடுக்கக் கூடாது, மக்களின் நாக்கிலேயே இருக்கட்டும் என்று கட்டளையிட்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் வாயைத் திறந்து தன் நாக்கை நீட்டினாள். ஊருணி பார்த்தது.

“ஒரு சிவப்பு. ஒரு வீட்டுக் கோளாறு. தயவுசெய்து குடத்தைக் கழுவுங்கள்.”

திரும்பப் போனவள் வாசலில் நின்றாள். கேட்க வேண்டாம் என்று மனம் சொன்னது. கேட்டாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால்?

“கிருமி சாகும். உப்பு சாகாது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். பாதியாகச் சுண்டினால் உப்பு இரண்டு மடங்கு.”

வீடு வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாள். எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். ஒவ்வொரு மூடிய வாயையும் பார்க்கப் பார்க்க அவளுக்குப் புரிந்தது. வளைகாப்பன்று சண்முகத்தாய் ஏன் நாக்கை நீட்டாமல் வாசலிலேயே நின்றாள்? வந்தவர்கள் முகத்தில் ஏன் அந்தத் தெளிவு? ஊர் முழுக்க அன்று காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதிர்ந்திருக்கிறது. தன் வீடு மட்டும்தான் அழுக்கு என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக நினைத்துக் குடம் கழுவியிருக்கிறது. வாயை மூடிக்கொள்ள ஒரு கௌரவமான வழி கிடைக்காதா என்று தவித்தவர்களுக்கு அவள் வழி காட்டியிருக்கிறாள்.

மறுநாள் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினாள். உப்பைப் பற்றி, படுகையைப் பற்றி, காப்பகத்தின் அமைதியைப் பற்றி எல்லாம் சொன்னாள். அதோ மேலே வாசற்கண் இருக்கிறது, எல்லாரும் ஒரே சமயத்தில் வாயைத் திறங்கள், பத்தில் ஒருவர் திறந்தால்கூடப் போதும் என்று கெஞ்சினாள். முதலில் தானே நாக்கை நீட்டினாள். பெரிய திரையில் அது சிவப்பாக எரிந்தது.

மண்டபத்தில் ஆளுக்கு ஆள் அடுத்தவர் வாயைப் பார்த்தார்கள். யாராவது ஒருவர் முதலில் திறந்தால் தானும் திறக்கலாம் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். யாரும் திறக்கவில்லை. ஆட்சிக்குழுத் தலைவர் எழுந்து கைகூப்பி, அம்மாவின் சொந்தக் கஷ்டத்தில் நாமும் பங்குகொள்கிறோம், அவர் கொஞ்சநாள் ஓய்வெடுக்கட்டும் என்றார். மூடிய உதடுகளுக்குள்ளேயே அனுதாபமாக ஒரு முனகல் எழுந்தது. நீர்நலக்காரி வீட்டிலேயே குடம் கழுவுவதில்லையாம் என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசியது.

வீட்டில் வடிவு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறாளாம். ஆவுடையம்மாள் மகளின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, ஏட்டி, உன் மாமியாரும் சிவப்புதாம்ட்டி, எல்லாரும் சிவப்பு, நீ ஒருத்தி என்கூட வாசல்ல வந்து நின்னு வாயத் திற, ஒன்னப் பாத்து நாலு பேரு தொறப்பாவ என்று கெஞ்சினாள். வடிவு தாயின் கையை மெல்ல விலக்கினாள்.

“எனக்கும் தெரியும்மா. ஆனா நான் மட்டும் தொறந்தா, என் பிள்ளையத்தான செந்நாக்குக்காரி பெத்ததுன்னு சொல்லுவாவ?”

அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே ஆவுடையம்மாளும் அன்றைக்குக் கையைக் கூப்பினாள். காய்ச்சாமலாவது குடி என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். மகள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன்பிறகு ஆவுடையம்மாள் தினமும் தெருவில் நின்று, போகிற வருகிறவர்களிடம் நாக்கை நீட்டினாள். மருத்துவரிடம் போய்க் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னாள். அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, இவ்வளவு சமர்த்தான குழந்தைகளை ஊசியால் குத்துவானேன் என்று அசதியோடு கேட்டார். ஊருணியிலிருந்து அவளுக்கு நாள்தோறும் ஒரு செய்தி வந்தது. ஒரு வீட்டுக் கோளாறு நீடிக்கிறது, நாவிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

வடிவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பேர் வைக்கும் நாளன்று, எப்படியும் பாட்டியைக் கூப்பிடாமல் இருக்க முடியாது என்று மருமகன் நயினார் வந்து அழைத்துப் போனான். வழியில், வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள் அத்தை என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான். வீடு நிறையக் கூட்டம். எல்லாரும் கழுத்தில் பளபளக்கும் துணியும் கூப்பிய கைகளுமாக இருந்தார்கள். சண்முகத்தாய் பேரனை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“அழவே மாட்டான் மதினி. இப்படி ஒரு சமத்து நம்ம ரெண்டு குடும்பத்துலயும் இல்ல.”

ஆவுடையம்மாள் குனிந்து பார்த்தாள். உப்பிய முகம். பாதி மூடிய கண்கள். வாய்க்குள் கொள்ளாமல் பருத்துப்போன நாக்கு உதட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. அந்த உப்பு தாயின் வயிற்றிலேயே தொட்டுவிட்ட பிள்ளைகளுக்கு நாக்கு இப்படித்தான் பருக்கும் என்று அவள் படித்திருந்தாள். அவன் நாக்கில் விளக்கு இல்லை. அதற்கு இன்னும் ஒரு வயது ஆகவேண்டும். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், வாசற்கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவன் பாட்டுக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் அப்படி நீட்டுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

விளக்கில்லாத நாக்கு, கணக்கில் சேராது என்று வாசற்கண் வழியே சொன்னது ஊருணி.

அதற்குள் சண்முகத்தாய் எழுந்து வந்து பேரனை வாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டதில் அவளுக்கு வெட்கம். ஏ நாகரிகம் தெரியாத பயலே என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, ஒரு விரலால் அவன் நாக்கை உள்ளே தள்ளி, உதடுகளைச் சேர்த்துப் பிடித்தாள். அவனுடைய இரண்டு குட்டிக் கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பிவைத்தாள். கூட்டம் மகிழ்ந்துபோய்த் திரும்பக் கும்பிட்டது. விரலை எடுத்ததும் நாக்கு மறுபடி வெளியே வந்தது. அவள் மறுபடி தள்ளினாள்.

உள்ளே வடிவு, வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகக் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.